வெள்ளத்தில் மூழ்கிய பழைய கப்சாய்: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

2023 மார்ச் தொடக்கத்தில் ஜொகூரைத் தாக்கிய வெள்ளத்தில் யோங் பெங்கும் மூழ்கியது. மாநிலம் முழுவதும் 40,000-க்கும் அதிகமானோர் நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது. பத்து பகாட் மாவட்டத்தின் சில இடங்களில் தண்ணீர் வடியவே வாரக்கணக்கில் ஆனது.

அப்படி வீடு திரும்பும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மெத்தை போச்சு, ஐஸ் பெட்டி போச்சு. வாசலில் அப்பாவின் பழைய ஹோண்டா இஎக்ஸ்5 சேறு பூசி நிற்கிறது. நாளைக்கு வேலைக்குப் போக வேறு வண்டி இல்லை. உடனே யாராவது ஒருவர் சொல்வார்: "ஒரு உதை உதைச்சுப் பாரு, ஸ்டார்ட் ஆயிடும்!"

பிரச்சினையே அந்த உதைதான்.

ஏன் உதைக்கக் கூடாது?

இன்ஜின் ஓடும்போது, சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும்போது மின் ஸ்டார்ட்டரை அமுக்கினாலோ, வண்டியைத் தள்ளி கியர் போட்டாலோ, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். கிக்கர் இறுகி நின்றால், அதன் மேல் ஏறி மிதிக்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டாலும் ஆபத்து தீரவில்லை. தண்ணீர் கலந்த இன்ஜின் எண்ணெய், அதாவது நம்ம பேச்சில் 'மினியாக் ஹித்தாம்', உராய்வைத் தடுக்காது. சில நிமிட ஓட்டத்திலேயே பேரிங்குகள் தேய ஆரம்பிக்கும். சில நூறு ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாக மாறுவது இங்கேதான்.

பழைய வண்டிக்கு என்ன வசதி?

கார்புரேட்டர் வைத்த இஎக்ஸ்5, 97 சிசி, ஒரே சிலிண்டர். காற்றில் குளிரும் இன்ஜின். கணினி கிடையாது. அதனால் பொறுமையும் சில ஸ்பேனர்களும் இருந்தால், முதலுதவியை வீட்டிலேயே செய்யலாம். பெட்ரோலைக் கணினி மூலம் தெளிக்கும் புதிய 'எஃப்ஐ' வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் சென்சார்களையும் வயரிங்கையும் பட்டறையில்தான் சோதிக்க வேண்டும்.

எந்த வரிசையில் செய்வது?

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் சிகரெட்டும் நெருப்பும் வேண்டாம்.

1. சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

2. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் இரண்டையும் கழற்றிக் காய வையுங்கள். ஃபில்டர் ஊறிப்போயிருந்தால் புதிது மாற்றுங்கள்.

3. டேங்க்கில் உள்ள பெட்ரோலை வடியுங்கள். தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் தங்கும். மேலே பார்த்தால் தெரியாது. கார்புரேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி அதையும் வடியுங்கள்.

4. இன்ஜின் எண்ணெயை வடியுங்கள். தே தாரிக் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

5. புதிய எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமலேயே கிக்கரை மெதுவாக மிதியுங்கள். சிலிண்டரில் உள்ள தண்ணீர் பிளக் துளை வழியாக வெளியேறும்.

6. எல்லாம் காய்ந்த பிறகு புதிய பெட்ரோல் ஊற்றி, பிளக்கையும் பேட்டரியையும் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓரிரு நிமிடம் ஓட்டி, எண்ணெயை மறுபடி வடித்துப் பாருங்கள். தே தாரிக் நிறம் போகும் வரை மாற்ற வேண்டும். முதல் இரண்டு தடவைக்கு விலை குறைந்த எண்ணெயே போதும்.

வடித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் அதை அபாயக் கழிவுகளின் பட்டியலில் வைத்துள்ளன. போத்தலில் பிடித்து பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்?

இன்ஜினில் 'டக் டக்' சத்தம், விடாத வெள்ளைப் புகை, இறுகிய கிக்கர்: இவற்றில் எது இருந்தாலும் போமனிடம் கொண்டு போங்கள். சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளைக் குறிப்பிட்ட வரிசையிலும் அளவிலும் முறுக்க வேண்டும். "கை அளவு தெரியும்" என்பது இங்கே வேலைக்கு ஆகாது.

பிரேக்கை மறக்க வேண்டாம். டிரம்முக்குள் சேறு இருந்தால் வண்டி ஓடும், ஆனால் நிற்காது. மலேசியச் சாலை மரணங்களில் பத்தில் ஆறுக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து செல்பவர்களும்தான். இன்ஜின் ஓடிய சந்தோஷத்தில் அப்படியே நெடுஞ்சாலையில் ஏறிவிடாதீர்கள்.

"பேசாம வேற இன்ஜின் மாத்திடலாமே" என்று யோசிக்கிறீர்களா? இன்ஜின் எண் மாறினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யின் அனுமதியும் பதிவும் தேவை. இல்லையென்றால் அது சட்டப் பிரச்சினை, காப்புறுதிக்கும் சிக்கல்.

காப்புறுதி கை கொடுக்காதா?

பழைய கப்சாய்களுக்குப் பலரும் எடுப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அது உங்கள் வண்டியின் வெள்ளச் சேதத்தை ஈடு செய்யாது. முழுமையான காப்புறுதியிலும் 'சிறப்பு இடர்' பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்தால்தான் வெள்ளத்துக்குப் பணம் கிடைக்கும். வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு வழங்கிய உதவித்தொகை 1,000 ரிங்கிட். அதில் வீட்டுக்கே பாதி போய்விடும்.

அதனால்தான் இந்த அடிப்படை அறிவு முக்கியம். வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும். எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள். முடியாமல் மூழ்கிவிட்டால், வீட்டில் எல்லாருக்கும் ஒரே விஷயத்தைச் சொல்லி வையுங்கள்: யாரும் உதைக்காதீங்க.