காக்கும் அவசரகாலச் சட்டம் ஒன்று வேண்டும்

அவசரகாலச் சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே இந்நாட்டுத் தமிழ்மகன் திடுக்கிடுவான். அதில் வியப்பில்லை. 1958 ஆம் ஆண்டு முதல் அதன் பெயரால் நாம் அடைந்த அல்லல்களை எழுதப் புகுந்தால் இப்பத்திரிகையின் பக்கங்கள் போதா. அவசரகால நிலை நடைமுறையில் இருந்த 2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் திகதி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் விடுதிகளில் தங்கியிருந்த 300 க்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரை விட்டே அகற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அக்கொடுமை நின்றது.

அத்தகைய அனுபவம் உடைய நாமே இன்று அவசரகாலச் சட்டமொன்று வேண்டும் என்று கேட்கின்றோம். கொள்ளைநோய்க் காலத்தில் ஏழையின் உரிமையைக் காக்கும் சட்டத்தையே கேட்கின்றோம். அஃது இல்லாமையால் விளைந்தது யாது என்பதை 2020 ஆம் ஆண்டு நமக்குக் காட்டிவிட்டது.

அவ்வாண்டு மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் என அறிவித்தார்கள். ஊர் அடங்கியது உண்மை. சட்டம் எங்கே இருந்தது? பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி அறிவித்தல் வெளியிடப்படவில்லை. அவசரகால நிலையும் பிரகடனம் செய்யப்படவில்லை. நடமாடும் சுதந்திரத்தைப் பொதுச் சுகாதாரத்தின் பொருட்டுக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 15(7) ஆம் உறுப்புரை இடமளிக்கின்றது. ஆனால் அக்கட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவே இதன் சட்ட அடிப்படையைப் பற்றி வினா எழுப்பியது. எனினும் 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். கேள்வி கேட்கவேண்டிய பாராளுமன்றமோ மார்ச் 2 ஆம் திகதி கலைக்கப்பட்டு, ஆகஸ்ட் 20 ஆம் திகதி வரை கூடவேயில்லை.

கையில் இருந்த ஆயுதம் 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் கொள்ளைநோய் பரவிய காலத்தில் துறைமுகத்தையும் வர்த்தகத்தையும் காக்க வெள்ளைக்காரன் செய்த சட்டம் அது. மண்டபம் முகாமில் எம் மலையகத் தொழிலாளரின் பாட்டன்மாரை அடைத்து வைத்துச் சோதித்தது அக்காலத்து ஆட்சியே. நோயாளியை அகற்றவும் வீட்டை அடைக்கவும் அதிகாரம் தருவதே அதன் நோக்கம். அடைக்கப்பட்டவன் உண்பது எங்ஙனம், வாடகை கொடுப்பது எங்ஙனம் என்பது அதனை வரைந்தவரின் கவலையன்று.

அக்கவலை கொட்டாஞ்சேனைக்கு வந்தது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து நோய் பரவியதும் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புளுமெண்டல், கிராண்ட்பாஸ் முதலிய பொலிஸ் பிரிவுகள் மூடப்பட்டன. தோட்டம் என்று பெயர். ஒரு செடி நடவும் இடமில்லை. ஒரே அறையில் ஒரு குடும்பம், பல குடும்பங்களுக்கு ஒரே குழாய். இவர்களையே ஒருவரை விட்டு ஒருவர் ஒரு மீற்றர் விலகி நிற்கும்படி விதி கூறியது. மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கு, வெளியே போகாத நாள் கூலியில்லாத நாள். அரசாங்கம் 5,000 ரூபா கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அது சலுகையாகக் கொடுக்கப்பட்டது. பட்டியலில் பெயரில்லாத வாடகைக் குடியானவன் உரிமை என்று கேட்க எந்தப் பிரிவை எடுத்துக் காட்டுவான்? சலுகையை நம்பியிருப்போர் கதி யாதென்பதை அதற்கு முன்னரே, மே 21 ஆம் திகதி, மாளிகாவத்தை காட்டியிருந்தது. தனியார் ஒருவர் பணம் பகிர்ந்தளித்த இடத்தில் நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் மாண்டனர்.

இறந்தவருக்கும் சட்டம் துணை நிற்கவில்லை. அப்பழைய கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஏப்பிரல் 11 ஆம் திகதி வெளியான ஒழுங்குவிதி எல்லாச் சடலங்களையும் எரிக்கப் பணித்தது. புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியும் பயனில்லை. பிறந்து 20 நாளேயான முஸ்லிம் சிசுவும் தீக்கிரையானது. உயர் நீதிமன்றம் மனுக்களை டிசம்பர் 1 ஆம் திகதி தள்ளிவிட்டது. 2021 பெப்ரவரியிலேயே அனுமதி கிடைத்தது, அதுவும் ஓட்டமாவடியில். 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. ஓர் அமைச்சரின் கையொப்பத்தால் ஆனதைப் பாராளுமன்றம் ஆராய்ந்தே ஆகவேண்டும் என்றிருந்தால் இவ்வளவு நாள் சென்றிருக்குமா?

பாராளுமன்றம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லோம். 2021 ஆகஸ்டில் கோவிட் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தை நிறைவேற்றியது. தவணை கடந்த வழக்குகளுக்கும் நிறைவேற்ற இயலாத ஒப்பந்தங்களுக்கும் நிவாரணம், நீதிமன்றங்கள் தொலைவிலிருந்தே விசாரிக்க வழி. சட்டத்தரணிகளாகிய எமக்கு அது பெரிதும் உதவியது, ஒளிப்பானேன்? ஆனால் தோட்டத்துக் குடியானவனை அச்சட்டம் நினைக்கவில்லை.

பிரித்தானியா 2020 மார்ச் 25 ஆம் திகதியே இதற்கெனச் சட்டம் செய்தது. குடியிருப்பவனை எழுப்ப மூன்று மாத அறிவித்தல் வேண்டும் என்றது; அச்சட்டத்தின் அதிகாரங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மக்கள் சபை மீளாய்வு செய்யவேண்டும் என்றது. அங்கும் குறைகள் இருந்தன. ஆயினும் வாடகைக் குடியானவன் சட்டப் புத்தகத்தில் இடம் பெற்றான்.

நாம் கேட்பதும் பெரிதன்று. நோய்க்கால நிலையைப் பிரகடனம் செய்தால், கலைக்கப்பட்ட பாராளுமன்றமாயினும் பதினான்கு நாளில் கூட்டப்படவேண்டும். மூடப்பட்ட பிரிவில் உள்ளவனுக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உணவும் உதவிப் பணமும் உரிமையாதல் வேண்டும். அக்காலத்தில் வாடகைப் பாக்கிக்காக எவரையும் வெளியேற்றலாகாது. விதிகள் யாவும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் வெளிவரவேண்டும். மஹர சிறையில் 2020 நவம்பரில் 11 கைதிகள் மாண்டதை மறவாது, சிறைகளில் நெருக்கடியைக் குறைக்கும் கடமையையும் அதில் எழுதவேண்டும்.

தனி உறுப்பினர் மசோதா கொண்டுவர எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாக்குக் கேட்டு வந்தோர் அதனைச் சமர்ப்பிக்கட்டும். வரைவைச் செப்பனிடும் வேலைக்கு நாமும் எம் தோழரும் கூலியின்றி வரச் சித்தமாயிருக்கின்றோம்.