விருந்தாளி யார்?

சென்ற தை மாதத்தில் வல்லம் வடகாலில் ஒரு நண்பருடைய புது வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் அணிவகுத்து நிற்கும் வட்டாரம் அது. வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்த நண்பர், மாடிப்படியின் அடியில் ஒரு சிறிய கதவைத் திறந்து, "இதுதான் சார், பவுடர் ரூம்!" என்றார்.

மூன்றடி அகலம், ஐந்தடி நீளம். ஒரு கழிப்பறைப் பீங்கான், கை கழுவ ஒரு தொட்டி, சுவரில் அழகான கண்ணாடி. வருகிற விருந்தாளி நம் படுக்கையறைக்குள் நுழையாமலே தம் காரியத்தை முடித்துக்கொண்டு வரலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் மேல்நாட்டுச் சீமான்கள் தலையில் வைத்த பொய்முடிக்கு மாவு தூவிக்கொள்ள ஒரு சிறு அறை வைத்திருந்தார்கள். அந்த மாவுக்கு 1795-இல் இங்கிலாந்தில் வரிகூடப் போட்டார்கள். பொய்முடி போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது. நல்ல ஏற்பாடுதான். எனக்கு அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை.

காப்பி வந்தது. கொண்டுவந்த அம்மாள் காலை ஆறரை மணிக்கு வந்து பிற்பகல் இரண்டு மணி வரை அந்த வீட்டில் வேலை செய்கிறவர். "இந்த அறை இவருக்கும் சௌகரியமாயிற்று" என்றேன். நண்பர் கூரையைப் பார்த்தார். அவர் மனைவிதான் பதில் சொன்னார்: "அவங்களுக்கெல்லாம் பழக்கமில்லை சார். சுத்தம் ஒன்று இருக்கிறதே!"

"தினமும் இந்த அறையைக் கழுவுகிறவர் யார்?" என்று கேட்டேன்.

"அவங்கதான்."

அப்புறம் யாரும் பேசவில்லை. காப்பி ஆறிப்போயிற்று.

கழுவுகிற கைக்குச் சுத்தம் தெரியும். உபயோகிக்கும்போது மட்டும் தெரியாது! இது என்ன நியாயம்? இதற்குச் சுத்தம் என்று பெயர் வைப்பது வெறும் சாக்கு. நம் தாத்தா காலத்து வீடுகளில் கழிப்பிடம் கொல்லைக் கோடியில் இருந்தது. அதைச் சுத்தம் செய்தவர் பின்சந்து வழியே வந்து பின்சந்து வழியே போனார். மனிதரே மலம் அள்ளும் கொடுமையை 1993-இலும், இன்னும் கடுமையாக 2013-இலும் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். இன்றைக்குக் கழிப்பிடம் கூடத்துக்கே வந்துவிட்டது. பின்சந்து மட்டும் நம் மனத்தை விட்டுப் போகவில்லை.

தொழிற்சாலையில் பெண்களுக்குத் தனியாக, மறைவாகக் கழிப்பிடம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பலர் நோயுற்றபோது, இந்த வட்டாரத்துப் பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அவர்கள் எப்படித் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை உலகமே திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் இதே வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பைத் திறந்தார்கள். பலர் சேர்ந்தால் நாலு பேர் கவனிக்கிறார்கள். வீட்டு வேலை செய்கிற பெண்ணோ தனி ஆள். அவள் எந்தச் சாலையை மறிப்பாள்? அவளால் முடிந்தது ஒன்றுதான்: காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அதனால் வருகிற நீர்க்கடுப்பையும் காய்ச்சலையும் அவளேதான் சுமக்கிறாள்.

ஆகையால், வீடு கட்டப்போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சிறிய அறையை அவசியம் கட்டுங்கள். சாப்பாட்டு மேஜைக்கு நேராகக் கதவு வைக்காதீர்கள். யாருக்கும் கூச்சம் வேண்டாம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் உதவிக்குப் போகலாம். நிற்கிற இடத்தில் படிக்கட்டு தலையில் இடிக்கக் கூடாது. ஜன்னலுக்கு வழியில்லை என்றால் காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று வையுங்கள். கண்ணாடி வாங்குவதற்கு முன்னால் மூடி போட்ட குப்பைக்கூடையும், பையை மாட்ட ஒரு கொக்கியும் வாங்குங்கள். இரண்டும் பெண்களுக்கு அவசியம்.

எல்லாம் முடிந்ததும், வேலைக்கு வருகிறவரிடம் நீங்களே வாயைத் திறந்து, "இது உங்களுக்கும்தான்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் கேட்கமாட்டார். வருஷத்துக்கு இரண்டு முறை எட்டிப் பார்க்கிற என்னைப் போன்றவனுக்கு ஓர் அறை கட்டிவிட்டு, தினமும் ஏழரை மணி நேரம் உங்கள் வீட்டில் உழைக்கிறவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினால், அந்த வீட்டில் எத்தனை பளிங்கு பதித்திருந்தாலும் அது சுத்தமான வீடு ஆகாது.