இதய வால்வு ஆராய்ச்சியில் சேரச் சொன்னால் ஓடணுமா, கையெழுத்துப் போடணுமா?

1/ "அரசு ஆஸ்பத்திரியில புது வால்வு இலவசமா வைக்கிறோம், ஒரு ஆராய்ச்சியில சேருங்கன்னு சொன்னா ஓடி வந்துடுங்க, ஏழையை எலியாக்கிடுவாங்க." இந்தப் பேச்சு ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கு. இதுல இருக்குற பயத்துல நியாயம் இருக்கு. ஆனா சொல்ற தீர்வு உங்க உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ நான் இதய அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. அரசு மருத்துவமனையில வேலை பார்க்குற எம்.பி.பி.எஸ் டாக்டர். ஆனா "இதுல கையெழுத்துப் போடலாமா டாக்டர்?"னு நோயாளியோட அம்மாவும் அண்ணனும் வராண்டாவுல நிறுத்திக் கேக்குறது எங்களைத்தான். அதனால எழுதுறேன்.

3/ முதல்ல அடிப்படை. இதயத்துல நாலு வால்வு இருக்கு. ரத்தம் ஒரே திசையில போக உதவுற கதவுகள். சின்ன வயசுல வந்த தொண்டைப் புண்ணை ஒழுங்கா கவனிக்கலைன்னா சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இந்தக் கதவுகள் தடிச்சு, ஒட்டிப் போகும். நம்ம அரசு வார்டுகள்ல வால்வு நோயோட வர்றவங்கள்ல இருபது, முப்பது வயசுப் பெண்கள் நிறைய.

4/ வால்வை மாத்தணும்னா ரெண்டு வகை. உலோக வால்வு ரொம்ப வருஷம் உழைக்கும், ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை, அடிக்கடி ஐ.என்.ஆர் டெஸ்ட். அளவு கூடினா ரத்தக்கசிவு, குறைஞ்சா வால்வுல ரத்தக்கட்டி. கர்ப்பம்னா சிக்கல் இன்னும் அதிகம். மாடு, பன்றித் திசுவுல செய்ற வால்வுக்கு ஆயுசு முழுக்க அந்த மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது, ஆனா இளம் வயசுல சீக்கிரம் கெட்டுப்போகும். மறுபடி ஆபரேஷன். குறையே இல்லாத வால்வு இன்னும் வரலை. அதனாலதான் ஆராய்ச்சி நடக்குது.

5/ இப்போ "எலி" வாதத்துக்கு வருவோம். மனுஷங்ககிட்ட சோதிக்காம வந்த வால்வு ஏதாவது உலகத்துல இருக்கா? இன்னிக்கு நீங்க "நம்பகமானது"ன்னு காசு கொடுத்து வாங்குற ஒவ்வொரு வால்வையும் யாரோ ஒருத்தர் முதல்ல நெஞ்சுல வாங்கிக்கிட்டாங்க.

6/ பக்கத்துலயே உதாரணம் இருக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துல டாக்டர் வலியத்தான் தலைமையில உருவான சித்ரா வால்வு. முதல் மூணு மாடலும் தோல்வி. நாலாவது மாடலை மெஷின்லயும் ஆடுகள்கிட்டயும் சோதிச்ச பிறகு, 1990 டிசம்பர் 6 அன்னிக்கு முதல் முறையா மனுஷருக்கு வச்சாங்க.

7/ அடுத்த சில வருஷத்துல பல மருத்துவமனைகள்ல 300-க்கும் மேற்பட்டவங்க அந்த ஆய்வுல சேர்ந்தாங்க. 1995-ல விற்பனைக்கு வந்துச்சு. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல வச்சாச்சு, இறக்குமதி வால்வை விடக் குறைஞ்ச விலையில. அந்த முன்னூத்திச் சொச்சம் பேரும் "நாங்க என்ன எலியா"ன்னு எழுந்து போயிருந்தா?

8/ அடுத்து, நெஞ்சைத் திறக்காம தொடை ரத்தக்குழாய் வழியா வைக்கிற டாவி வால்வு. 2010-ல வந்த பார்ட்னர் ஆய்வு, ஆபரேஷன் தாங்க மாட்டாங்கன்னு கைவிடப்பட்ட 358 பேர்கிட்ட நடந்துச்சு. வழக்கமான சிகிச்சை எடுத்தவங்கள்ல ஒரு வருஷத்துல இறந்தவங்க 50.7 சதவீதம். டாவி வச்சவங்கள்ல 30.7 சதவீதம். அதே ஆய்வுல டாவி பக்கம் பக்கவாதம் அதிகம்னும் தெரிஞ்சுது. நல்லது கெட்டது ரெண்டும் எண்ணிக்கையா வெளிய வந்தது ஆய்வுனாலதான்.

9/ "அப்போ டாக்டருக்கு சரின்னு பட்டா நேரா கொடுத்துட வேண்டியதுதானே?" இல்லைங்க. டாபிகாட்ரான்னு ஒரு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை. ஐ.என்.ஆர் டெஸ்ட் தொல்லை இல்லை. உலோக வால்வு வச்சவங்களுக்கு வரப்பிரசாதம்னு தோணும். 252 பேர்கிட்ட சோதிச்சாங்க. புது மாத்திரை எடுத்தவங்கள்ல 5 சதவீதம் பேருக்குப் பக்கவாதம், பழைய வார்ஃபரின் எடுத்தவங்கள்ல ஒருத்தருக்கும் இல்லை. ஆய்வைப் பாதியில நிறுத்தினாங்க. ஆய்வே இல்லாம எல்லாரும் அதை எழுதிக் கொடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நீங்களே யோசிங்க.

10/ பலரும் பேசாத விஷயம் ஒண்ணு. அந்த டாவி ஆய்வுல இருந்தவங்க சராசரி வயசு 80-க்கு மேல. வயசானதால சுண்ணாம்பு படிஞ்ச அயோர்டிக் வால்வு. நம்ம வார்டுல இருக்குறது 28 வயசு, ருமாட்டிக், மைட்ரல் வால்வு. அங்க வந்த முடிவை இங்க அப்படியே ஒட்ட முடியாது.

11/ ஆதாரம் வேணுமா? 2022-ல வந்த இன்விக்டஸ் ஆய்வு. ருமாட்டிக் வால்வு நோயோட இதயத்துடிப்பும் சீரா இல்லாத 4,500 பேர், இந்தியா உட்பட 24 நாடுகள், முக்கால்வாசி பெண்கள். மத்த நோயாளிகள்கிட்ட நல்ல பேர் வாங்கின ரிவரோக்ஸபான் இங்க தோத்துச்சு. பழைய வார்ஃபரின் வகை மாத்திரைதான் அதிக உயிரைக் காப்பாத்துச்சு. நம்மள மாதிரி நாட்டு நோயாளிகள் ஆய்வுல உட்காரலைன்னா, நமக்கான பதிலை வேற யாரோட உடம்போ சொல்லும். அது தப்பான பதிலாவும் இருக்கலாம்.

12/ இப்போ பயத்துல இருக்குற நியாயம். என் சக டாக்டர்களும் இதைப் படிக்கணும். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, இங்கிலீஷ்ல பத்துப் பக்கம், "இங்க ஒரு கையெழுத்து போடும்மா." இதுக்குப் பேரு சம்மதம் இல்லை. மிரட்டாம மிரட்டுறது.

13/ 2009-ல அப்போதைய ஆந்திராவோட கம்மம் மாவட்டத்துல எச்.பி.வி தடுப்பூசி ஆய்வு நடந்தப்ப, பல பழங்குடிச் சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதிலா ஹாஸ்டல் வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. அரசு ஆய்வை நிறுத்துச்சு. நாடாளுமன்றக் குழு 2013 அறிக்கையில கடுமையா கண்டிச்சுது. அங்க நடந்த மரணங்களுக்குத் தடுப்பூசிதான் காரணம்னு நிரூபணமாகலை. ஆனா சம்மதத்துல நடந்த மோசடியால, நல்ல தடுப்பூசி மேலயே மக்களுக்கு நம்பிக்கை போச்சு. "எலி" வாதத்துக்குத் தீனி போடுறது நாமதான் டாக்டர்ஸ்.

14/ நோயாளிகளே, இதை மனசுல வச்சுக்கோங்க: ஆராய்ச்சியில சேரலைன்னா ஆபரேஷன் கிடையாதுன்னு யாரும் சொல்ல முடியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல தகுதி இருந்தா வழக்கமான வால்வு மாற்று அறுவை சிகிச்சை கிடைக்கும். "இலவசம்"ங்கிற ஒரே காரணத்துக்காக ஆய்வுல சேராதீங்க.

15/ சட்டம் உங்க பக்கம் இருக்கு. 2017 மருத்துவக் கருவிகள் விதிகள்படி புது வால்வை மனுஷர்கிட்ட சோதிக்க மத்திய அனுமதி வேணும், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேணும், சி.டி.ஆர்.ஐ இணையப் பதிவேட்டுல முன்னாடியே பதிவு பண்ணணும். ஆய்வால பாதிப்பு வந்தா சிகிச்சையும் இழப்பீடும் ஆய்வை நடத்துறவங்க பொறுப்பு. படிக்கத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கும்போது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்கணும்.

16/ வால்வு ஆய்வு மாத்திரை ஆய்வு மாதிரி இல்லை. மாத்திரை பிடிக்கலைன்னா நிறுத்திடலாம். ஆய்வுலேருந்து எப்ப வேணா விலகலாம், ஆனா வால்வைக் கழட்டிக் கொடுத்துட்டு வர முடியாது. 1979 முதல் 1986 வரை விற்ற பியோர்க்-ஷைலி வளைவட்டு வால்வை உலகம் முழுக்க சுமார் 86,000 பேருக்கு வச்சாங்க. உள்ளேயே கம்பி முறிஞ்சது 600-க்கும் மேற்பட்டவங்களுக்கு. அதுல பெரும்பாலானவங்க பிழைக்கலை. அதனால "எத்தனை வருஷம் எங்களைக் கண்காணிப்பீங்க?"ங்கிறதுதான் முதல் கேள்வியா இருக்கணும்.

17/ மத்த கேள்விகள். எழுதி வச்சுக்கோங்க:
• இந்த வால்வை இதுவரை எத்தனை பேருக்கு வச்சிருக்கீங்க? என்ன ஆச்சு?
• எனக்கு எந்த வால்வுன்னு குலுக்கல்ல முடிவாகுமா?
• சேரலைன்னா எனக்கு என்ன சிகிச்சை?
• பிற்காலத்துல வால்வு கெட்டுப்போனா ஆபரேஷன் செலவு யாருது?
• கர்ப்பம் ஆகலாமா?
• வர்ற போற பஸ் காசு, இழக்குற கூலி கிடைக்குமா?
• ராத்திரி மூச்சு வாங்கினா யார் நம்பர்? எத்திக்ஸ் கமிட்டி நம்பர் எது?

18/ தமிழ்ல எழுதின தகவல் தாளைக் கேட்டு வாங்குங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. படிச்ச பிள்ளைகிட்ட கொடுத்து வாசிக்கச் சொல்லுங்க. அவசர ஆபரேஷன் இல்லைன்னா ரெண்டு நாள் யோசிக்க டைம் கேக்குறதுல தப்பே இல்லை. கேள்வி கேட்டா எரிஞ்சு விழுற டாக்டர்கிட்ட கையெழுத்துப் போடாதீங்க. உட்கார வச்சு, வால்வைக் கையில காட்டி, "இது எங்களுக்கு இன்னும் தெரியலைம்மா, அதனாலதான் ஆய்வு"ன்னு சொல்ற டாக்டர்கிட்ட இருந்து ஓடாதீங்க.

19/ அடுத்த முறை அந்த "எலி" செய்தி உங்க குடும்ப குரூப்புக்கு வந்தா, 17-ஆவது பதிவுல இருக்குற கேள்விகளை அதுக்குக் கீழே போடுங்க. வால்வு ஆபரேஷனுக்குக் காத்திருக்குற யாராவது ஒருத்தருக்கு உதவும். சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.