தனிஃபாவும் தேசிக்காயும்

ஒக்லாந்து குயின் வீதியில் நடக்கும்போது உங்கள் காலுக்குக் கீழே ஒரு ஓடை ஓடுகிறது. பெயர் வைஹொரோட்டியு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் கால்வாயாக்கி, பிறகு சாக்கடையாக்கி, கடைசியில் மூடி மேலே வீதி போட்டார்கள். 2011இல் நகர ரயில் சுரங்கத் திட்டம் பற்றிப் பேச்சு வந்தபோது, மாநகர சபையோடு இயங்கும் மாவோரி சபையின் உறுப்பினர் ஒருவர், அந்த ஓடையில் ஹொரோட்டியு என்ற தனிஃபா இருக்கிறது, அதையும் கணக்கில் எடுங்கள் என்றார். தனிஃபா என்பது நீர்நிலைகளில் வாழ்வதாக மாவோரி மக்கள் சொல்லும் ஒரு காவல் சக்தி. ஓரிடத்தில் விலாங்கு மீன், இன்னோரிடத்தில் பல்லி. பத்திரிகைகளிலும் வானொலியிலும் கேலி பறந்தது.

நம்முடைய வீடுகளிலும் அதே கேலிதான். "இந்தக் காலத்திலயும் தண்ணிக்குள்ள பூதம் இருக்கெண்டு சொல்லிக்கொண்டு!" என்று சொல்லும் அதே மாமா, புது ரொயோட்டா வாங்கியதும் முதலில் எங்கே ஓட்டிக்கொண்டு போவார்? கோயில் வாகனத் தரிப்பிடத்துக்கு. நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு தேசிக்காய். ஐயர் வந்து சந்தனம் பூசி, கற்பூரம் காட்டியபிறகுதான் கார் நெடுஞ்சாலைக்கு வரும். நான் அதைக் குறை சொல்லவில்லை. என் மடிக்கணினிக்கும் சரஸ்வதி பூசையன்று அம்மா பொட்டு வைக்கிறார். ஆனால் தேசிக்காய் வைப்பவர் தனிஃபாவைப் பார்த்துச் சிரிக்கும்போது, எந்த அளவுகோலை வைத்துச் சிரிக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது.

"நம்முடையது சமயம், அவர்களுடையது மூடநம்பிக்கை" என்பது பெரியவர்களின் பதில். "எல்லாமே ஒன்றுதான், எல்லாமே பொய்" என்பது உங்களில் பலருடைய பதில். 2023 குடிசன மதிப்பீட்டில் இந்நாட்டு மக்களில் 51.6 வீதமானோர் தமக்கு மதமில்லை என்று எழுதினார்கள். உங்கள் வகுப்பில் அந்த எண்ணிக்கை இன்னும் அதிகமாகவே இருக்கும். எனக்கு இந்த இரண்டு பதில்களும் போதவில்லை. பொறியியல் படித்தவன் என்பதால் வீதியையும் கால்வாயையும் வைத்தே யோசிக்கிறேன்.

ஒக்லாந்திலிருந்து ஹமில்டனுக்குப் போகும் வழியில் மெரிமெரி என்ற சிறிய ஊர் வரும். 2002இல் அங்கே வைக்காட்டோ நெடுஞ்சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. பாதையோரச் சதுப்பில் தங்கள் தனிஃபா வாழ்கிறது என்று நாட்டி நஹோ மக்கள் சொன்னார்கள். வேலை கொஞ்சக் காலம் நின்றது. பிறகு வீதி அதிகாரசபை அவர்களோடு உட்கார்ந்து பேசி, சதுப்பின் அந்தப் பகுதியை விட்டுவிட்டு வடிவமைப்பைச் சற்று மாற்றியது. வீதி கட்டப்பட்டது. நாம் எல்லோரும் அதில்தான் போய் வருகிறோம்.

அதே ஆண்டில் வடக்கே நாஃபாவில் ஒரு சிறைச்சாலை கட்டுவதற்கு எதிராகவும் தனிஃபாவைச் சொல்லி வழக்குப் போனது. அங்கே நீதிமன்றம் ஏற்கவில்லை. சிறை கட்டப்பட்டு 2005இல் திறக்கப்பட்டது. ஆகவே தனிஃபா என்றாலே அரசு பயந்துவிடும் என்பது உண்மையில்லை. கேட்கிறார்கள், சில நேரம் மாற்றுகிறார்கள், சில நேரம் மாட்டோம் என்கிறார்கள்.

மடாட்டா கதையைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். பே ஒஃப் பிளென்டி கரையோரத்தில் இருக்கும் ஊர். அங்குள்ள ஓடையை, வாலை அப்படியும் இப்படியும் அடிக்கும் பல்லி வடிவத் தனிஃபாவாக அந்த மக்கள் சொல்லி வந்தார்கள். 2005 மே 18 அன்று கடும் மழையில் மலையிலிருந்து சேறும் பாறையும் மரமும் சேர்ந்து அந்த ஊருக்குள் இறங்கின. பல வீடுகள் நொறுங்கின. உயிர்ச்சேதம் இல்லாதது அதிசயம். மாவோரி மக்களின் பொது மண்டபங்களான மராய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல்லியின் வால் எங்கே அடிக்கும் என்று தெரிந்தவர்கள் அதன் வீச்சுக்குள் கட்டவில்லை. நீரியல் படித்தவர்கள் இதை வேறு சொற்களில் சொல்வார்கள்: கழிமுகத்தில் ஓடை தன் போக்கை மாற்றும், அங்கே வீடு கட்டாதே. பிள்ளைக்கு ஐந்து வயதில் மனதில் நிற்கப்போவது எது, வரைபடமா பல்லியா?

எல்லாத் தனிஃபாக் கதைக்குள்ளும் ஒரு வெள்ள எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வதும் ஒருவகை அவமரியாதைதான். விஞ்ஞானம் கையெழுத்துப் போட்டால்தான் அவர்களின் நம்பிக்கைக்கு மதிப்பு என்பதுபோல ஆகிவிடும். நம் ஆட்களும் "தோப்புக்கரணம் மூளைக்கு நல்லது" என்று அனுப்பும் வட்ஸ்அப் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழியில் போகவேண்டாம்.

இப்போது கடலுக்கு இந்தப் பக்கம், நம் பெற்றோரின் ஊருக்கு வருவோம். இராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் இடையில் வரிசையாக மணல் திட்டுகள் இருக்கின்றன. இராமர் பாலம் என்று ஒருவர் சொல்வார், ஆதாமின் பாலம் என்று இன்னொருவர் சொல்வார். கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் போக அந்தத் திட்டை வெட்டி வழி செய்யும் சேதுசமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலையில் மன்மோகன் சிங் மதுரையில் தொடங்கிவைத்தார். 167 கிலோமீற்றர் நீளக் கால்வாய். 2007இல் உச்ச நீதிமன்றம் பாலப் பகுதியில் தூர்வாருவதை நிறுத்தச் சொன்னது. இராமர் இருந்ததற்குச் சான்று இல்லை என்ற பொருளில் தொல்லியல் துறை மனு போட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. இராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார் என்று கருணாநிதி கேட்டார். அந்த வன்முறையில் பெங்களூரு அருகே ஒரு தமிழ்நாட்டுப் பேருந்து கொளுத்தப்பட்டு இருவர் இறந்தார்கள்.

இந்தச் சண்டையில் காணாமல் போனது யார்? மீனவர்கள். மன்னார் வளைகுடா பவளப்பாறைகளும் 21 தீவுகளும் கொண்ட கடல் தேசியப் பூங்கா. தூர்வாரினால் மீன் எங்கே போகும், வாரிய மண்ணை எங்கே கொட்டுவார்கள், ஆழமில்லாத கால்வாயில் பெரிய கப்பல் வருமா, செலவுக்கு வரவு உண்டா என்ற கேள்விகள் ஆரம்பத்திலிருந்தே இருந்தன. பின்னர் பச்சௌரி குழு மாற்றுப் பாதையை ஆராய்ந்து, அதுவும் சரிவராது என்றுதான் சொன்னது. ஆனால் தொலைக்காட்சியில் ஓடியது ஒரே கேள்வி: இராமர் உண்டா, இல்லையா?

என் கணக்கு இங்கேதான் பிரிகிறது. மெரிமெரியில் நம்பிக்கையைச் சொன்னவர்கள் அந்தச் சதுப்பின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள் கேட்டது தங்கள் ஊர்ச் சதுப்பில் ஒரு மூலையை. சேதுவில் உரத்துக் கத்தியவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கடலில் வலை இல்லை. அங்கே வலை வைத்திருந்தவர்களின் குரலை அந்த நம்பிக்கைச் சண்டை விழுங்கிவிட்டது. கிண்டல் செய்த பகுத்தறிவும் சேர்ந்துதான் விழுங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நம்பிக்கை மெய்யா பொய்யா என்று கேட்பதைவிட, அது யாருக்காகப் பேசுகிறது, யாரைப் பேசவிடாமல் செய்கிறது, இல்லை என்று சொன்னால் என்ன செய்கிறது என்று கேட்பது எனக்குப் பயன்படுகிறது.

இந்த அளவுகோல் நியூசிலாந்துப் பெரும்பான்மைக்கும் பொருந்தும். 1877இன் கல்விச் சட்டம் இங்கே ஆரம்பப் பள்ளியை மதச்சார்பற்றதாக்கியது. ஆனால் பள்ளியைச் சட்டப்படி அரைமணி நேரம் "மூடி", அந்த நேரத்தில் பைபிள் வகுப்பு நடத்தும் தந்திரத்தை 1897இல் நெல்சனில் கண்டுபிடித்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் அது ஓடியது. வேண்டாம் என்பவர்தான் கடிதம் எழுதவேண்டும். எழுதினால் பிள்ளை தனியே நூலகத்தில் உட்காரும். உங்களில் மூத்தவர்கள் சிலர் அப்படி உட்கார்ந்திருப்பீர்கள். 2020 சட்டம் அதைத் தலைகீழாக்கியது: விரும்பும் பெற்றோர் கையெழுத்திட்டால் மட்டுமே பிள்ளை வகுப்புக்குப் போகலாம். பைபிளில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அறைக்குள் இருப்பவர் யாரைக் கேட்கவேண்டும் என்பது மட்டும் மாறியது.

குயின் வீதிக்குப் பக்கத்தில் கட்டிய நிலத்தடி ரயில் நிலையத்துக்கு 'டே வைஹொரோட்டியு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2011இல் சிரித்தவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ரயில் ஏறவேண்டும். ஏ9 வீதியில், கிளிநொச்சிக்குத் தெற்கே, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பேருந்தும் லொறியும் நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, பிறகுதான் பயணம் தொடரும். அடுத்தமுறை மாமா தனிஃபாவைப் பற்றிச் சிரித்தால், முறிகண்டியில் எப்போதாவது நிற்காமல் போயிருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.