காணொளி மட்டுமே வகுப்பாகிவிடாது

இணையவழிப் பட்டப்படிப்பில் சேர்பவர்களுக்கு நேரமில்லை, நல்ல காணொளியும் தேர்வும் போதும், அவர்களை ஒருவரோடொருவர் பேசவைப்பது வீண்வேலை என்கிறார் ஒரு கட்டுரையாளர். நேரமில்லை என்பது உண்மை. மற்றது தவறு.

இந்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் வழங்கும் படிப்புகளின் வரையறையிலேயே காணொளி, பாடக்குறிப்பு, தன்மதிப்பீடு ஆகியவற்றோடு கலந்துரையாடலும் ஓர் அங்கம். ஒரு பருவப் பாடங்களில் 40 சதவீதம் வரை இவ்வழியில் படிக்க 2021 முதல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிக்கிறது. இவ்வளவு பெரிய பங்கைப் பேச்சுத்துணையே இல்லாமல் படி என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

மாணவர்கள் "நல்ல கருத்து, ஏற்கிறேன்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள் என்பது அவருடைய சான்று. ஏற்பதைத் தவிர வேறு வழியில்லாத கேள்வியைக் கேட்டால் அதுதான் வரும். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களில் தம் இயற்பியல் வகுப்பில் வேறு வழி கண்டார்: முதலில் தனியாக விடை சொல், பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதாடு, மறுபடி விடை சொல். இதற்கு ஒரே கூரை தேவையில்லை. புள்ளியியல் படிக்கும் நால்வரிடம் ஒரே தரவைக் கொடுங்கள். ஆளுக்கொரு முடிவோடு வரட்டும். முடிவுகள் எங்கே பிரிந்தன என்று ஒருவர் மற்றவருக்கு விளக்கட்டும். ஆசிரியர் அதைப் படித்து, வாரந்தோறும் பதில் எழுதட்டும்.

அந்தப் பதிலுக்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். நிர்வாகங்கள் தயங்குவது அங்கேதான். அந்தத் தயக்கத்துக்கு மாணவர்களின் நேரமின்மையைக் காரணம் காட்டாதீர்கள்.