அருச்சுனனுக்கு எத்தனை காலாள்?

மார்கழி விடுமுறையில் அப்புத்தளையில் பிள்ளைகளை வீட்டுக்குள் அடக்கி வைத்திருப்பது எளிய காரியமன்று. தெற்குச் சரிவிலிருந்து ஏறிவரும் பனிமூட்டம் பிற்பகலிலேயே புகையிரத நிலையத்தை மூடிவிடும். மழையும் சேர்ந்துகொண்டால் மின்சாரமும் போய்விடும். சென்ற விடுமுறையில் அப்படியொரு மாலை வேளையில்தான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல் பாரத யுத்தம் தொடங்கிற்று. அதற்கு நாங்கள் வகுத்துக்கொண்ட விதிகளையும், அவற்றால் எனக்கு நேர்ந்த தலைகுனிவையும் இந்த வாரம் சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

படை நடத்தும் விளையாட்டு நமக்குப் புதியதன்று. சதுரங்கம் என்னும் சொல்லே யானை, தேர், குதிரை, காலாள் ஆகிய நால்வகைப் படையைக் குறிப்பதுதான். பிற்காலத்தில் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் தம் மன்னருக்கு ஒரு போர் விளையாட்டைச் செய்து காட்டினார். அவருடைய மகன் அதைத் திருத்தி, 1824இல் விதிகளை அச்சிட்டார். மேடும் ஆறும் காட்டும் படம், இழப்பைத் தீர்மானிக்கப் பகடை, இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நடுவர் என்பன அதன் அங்கங்கள். 1913இல் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைப் போர்வீரர்களைத் தரையில் பரப்பி ஆடுவதற்கென்று ஒரு சிறு நூலே எழுதினார். நிற்க, இவற்றில் எல்லாம் சிப்பாய் வெறும் எண்ணிக்கைதான். பெயரும் புகழும் உடைய வீரன் ஒருவன் எத்தனை பேருக்குச் சமம் என்ற கேள்விக்கு 1971இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், ஜெப் பெரன் என்னும் இருவர் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற விதிநூல் விடை தந்தது. அதன் மாயக்கதைப் பகுதியின்படி வீரன் நான்கு ஆட்களுக்குச் சமம், பெருவீரன் எட்டு ஆட்களுக்குச் சமம். நான்கு அடியும் ஒரே சமயத்தில் விழுந்தாலன்றி வீரன் சாகான்.

எட்டாள் பெருவீரனை நாங்கள் ஏற்கவில்லை. நான்காள் வீரனே போதும் என்று வைத்துக்கொண்டோம்.

படையைத் திரட்டும் கணக்கு பாரதத்திலேயே இருக்கிறது. ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது ஒரு பத்தி. அதை ஏழு தடவை மூன்றால் பெருக்கிப் பின்னர் பத்தால் பெருக்கினால் ஓர் அக்குரோணி, அதாவது 21,870 தேரும், அத்தனை யானையும், 65,610 குதிரையும், 1,09,350 காலாளும். கௌரவருக்கு 11 அக்குரோணி, பாண்டவருக்கு 7. அக்குரோணிக்கு ஒரு பத்தி என்று சுருக்கினால் ஒரு பக்கம் 110 காய், மறுபக்கம் 70 காய். காலாளுக்குத் தேயிலை விதை, குதிரைக்கு மஞ்சாடி, யானைக்குப் புளியங்கொட்டை, தேருக்குச் சட்டைப் பொத்தான். வீரர்களுக்கு மட்டும் போத்தல் மூடி. அதன்மேல் பெயரை எழுதி ஒட்டினோம். காலாள் ஒருவனுக்கு ஒரு பகடை, வீரனுக்கு நான்கு. ஐந்தோ ஆறோ விழுந்தால் அது ஓர் அடி. வீரன் அல்லாத எந்தக் காயும் ஒரே அடியில் வீழும்.

பாண்டவர் படை என் மகனிடம். கௌரவர் படை என் மாணவன் ஒருவனிடம். அவன் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு கல் தூரம் நடந்து வருபவன். பாரதத்தை அவன் புத்தகத்தில் படித்தறிந்தவனல்லன். தோட்டத்தில் அருச்சுனன் தபசு ஆடும் இரவுகளில் அவனுடைய பாட்டனார் தபசு மரம் ஏறியவர். ஆகவே என் மகன் மறந்துவிட்ட கிளைக்கதைகள்கூட அவனுக்கு மனப்பாடம்.

முதல் மாலையில் அருச்சுனன் ஒருவனே கௌரவக் காலாள் 28 பேரைத் துடைத்தெறிந்தான். மாணவன் அணிவகுத்த முறையில் குற்றமே இல்லை. ஐந்தைந்து பேராகச் சுற்றி வளைத்துத்தான் தாக்கினான். ஆயினும் பயனில்லை.

"அப்படியென்றால் காலாள் எதற்கு, சேர்?" என்று கேட்டான்.

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவன் கேளாமல், கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். ஐந்து பகடையில் குறைந்தது நான்கு அடி ஒருங்கே விழுவது 243 எறிவில் 11 எறிவில்தான். அஃதாவது ஏறக்குறைய 22 சுற்றுக்கு ஒருமுறை. அந்த 22 சுற்றுக்குள் நான்கு பகடை எறியும் வீரன் சராசரி 29 பேரை வீழ்த்திவிடுவான். கௌரவரிடம் இருக்கும் காலாளோ 55 பேர். ஒரு வீரனைக் கொல்லப் பாதிக்கு மேற்பட்ட படை போய்விடுகிறது! விதி எழுதியவர்கள் யாராயிருந்தாலும், கணக்கு அவன் பக்கம் இருந்தது.

இதே சங்கடம் அமெரிக்காவில் வேறொரு வகையில் எழுந்ததுண்டு. அங்கே தம் வீரன் ஒரே எறிவில் மாண்டுபோவதை ஆடுவோர் பொறுக்கவில்லை. அதனால் மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்ன்சன், அடிகளைத் தனித்தனியே எண்ணிக்கொண்டுபோகும் முறையைக் கையாண்டார். அவரும் கைகாக்ஸும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழியாக அது உலகெங்கும் பரவிற்று. வீரனின் ஆயுளை நீட்டுவதற்கென்று வந்த அந்த முறையை நாங்கள் காலாளின் மானத்தைக் காப்பதற்கு எடுத்துக்கொண்டோம். அடிகள் சேர்ந்துகொண்டே போகும். நான்காவது அடியில் வீரன் விழுவான். சூரியன் மறைந்தால் காயங்கள் ஆறிவிடும். இப்படி வைத்ததும் ஐவர் வளைத்துக்கொண்ட வீரனின் ஆயுள் சராசரி மூன்று சுற்றாயிற்று. வீரர்கள் தனியே பாய்வதை விட்டு, தம் படையோடு நடக்கத் தொடங்கினார்கள்.

வீரர்களின் வலிமைக்குக் கட்டுகளையும் பாரதத்திலிருந்தே எடுத்தோம். வியாசர் ஒரு வீரனுக்கும் விலையில்லாமல் வலிமை கொடுக்கவில்லை. பீஷ்மர் சிகண்டியின்மேல் அம்பு தொடுக்கமாட்டார். கர்ணனிடம் உள்ள இந்திரனின் வேல் ஒரே ஒருமுறைதான் பாயும். அந்தக் கர்ணனைப் பீஷ்மர் அர்த்தரதன், அதாவது அரைத் தேர்வீரன் என்று தரம் தாழ்த்தியதால், அவர் களத்தில் நிற்கும்வரை இவன் களம் புகான். கௌரவப் படைக்கு இது எவ்வளவு பெரிய நட்டம் என்பது மேசையில் ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

போர் தொடங்குமுன் இரு தரப்பாரும் செய்துகொண்ட உடன்படிக்கையும் உண்டல்லவா? தேருக்குத் தேர், காலாளுக்குக் காலாள். புறமுதுகிட்டவனையும், வேறொருவனோடு பொருதுகொண்டிருப்பவனையும், முரசறைபவனையும் தாக்கலாகாது. இவற்றை அப்படியே ஏற்றால் காலாள் வீரனைத் தொடவே முடியாது. ஆகையால் முதல் விதியை மட்டும் தளர்த்தினோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். மூன்றாம் மாலை. அருச்சுனனை ஐந்து தேயிலை விதைகள் வளைத்துவிட்டன. மூன்று அடி விழுந்தாயிற்று. மாணவன் ஐந்து பகடைகளையும் கையில் எடுத்துக் குலுக்கினான். என் மகனின் முகத்தைப் பார்த்தேன். நடுவர் நான். "சூரியன் மறைந்துவிட்டது, இன்றைய போர் முடிந்தது" என்றேன்.

ஒரு பகலுக்கு இத்தனை சுற்று என்று நாங்கள் எழுதி வைத்திருக்கவில்லை. ஆகவே நான் செய்தது விதிமீறல் என்று எவரும் சொல்ல முடியாது. மாணவனும் சொல்லவில்லை. பகடைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்துவிட்டு, "வருகிறேன், சேர்" என்று சொல்லி மழையில் இறங்கிப் போனான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "பதினான்காம் நாள் கண்ணன் செய்த வேலையை நீங்கள் மூன்றாம் நாளே செய்துவிட்டீர்கள்" என்றாள். ஜயத்ரதனைக் கொல்வதற்காகவாவது கண்ணன் சூரியனை மறைத்தான். நான் மறைத்தது என் பிள்ளையின் போத்தல் மூடி ஒன்றுக்காக.

அடுத்த நான்கு நாட்களும் அவன் வரவில்லை. பிரஷ்ய விளையாட்டிலும் 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் அதிகாரி, பகடையையும் அட்டவணையையும் நம்புவதைவிட அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்று ஒரு முறையை முன்வைத்தார். படைத்தளபதிகளுக்கு அது பொருந்தலாம். ஆடுபவர்களில் ஒருவன் நடுவரின் மகனாக இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது.

ஐந்தாம் நாள் நானே லயத்துக்குப் போனேன். அவனுடைய பாட்டனார் தேநீர் கொடுத்தார். பையன் என்னிடம் கோபமாகப் பேசவில்லை, கொப்பியைத்தான் நீட்டினான். இரண்டு விதிகள் எழுதியிருந்தான். பகலுக்கு முப்பது நாழிகை, சுற்றுக்கு மூன்று நாழிகை, ஆகப் பத்துச் சுற்று. சுற்றுக்கு ஒரு தீக்குச்சி எடுத்து வைப்பது. இது முதலாவது. மூன்று பகல் உயிரோடு நின்ற காலாளுக்கு ஆடுபவர் ஒரு பெயர் வைக்கலாம். பெயர் பெற்றவன் அர்த்தரதன், அவனுக்கு இரண்டு பகடை. இது இரண்டாவது. நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: நடுவர் புதிதாகச் சொல்லும் எந்த விதியும் மறுநாள் சூரிய உதயம் முதலே செல்லும். மூவரும் கையெழுத்திட்டோம். மூன்றாம் நாளை முதற்சுற்றிலிருந்து மீண்டும் ஆடினோம். இம்முறை அருச்சுனன் தப்பிவிட்டான்; பகடை அவ்வாறு விழுந்தது.

எங்கள் மேசையில் பீஷ்மர் ஆறாம் நாளே சாய்ந்தார். கர்ணனின் வேல் கடோற்கசன்மேல் அல்லாமல் ஒரு யானைமேல் வீணாயிற்று. கௌரவப் படையில் இப்போது பெயர் பெற்ற தேயிலை விதைகள் ஏழு. அவற்றில் ஒன்றுக்குப் பாட்டனாரின் பெயர். வருகிற சனிக்கிழமை பதினான்காம் நாள் போர். தீக்குச்சிப் பெட்டி அந்த மாணவனிடம் இருக்கிறது.