பட்டியலில் பிறந்த போர்

ஒரு நாட்டின் எல்லை எங்கே உள்ளது? மலையிலும் ஆற்றிலும் உள்ளதென்பர் நிலநூலார். படை காவல் நிற்கும் கோட்டில் உள்ளதென்பர் ஆட்சியாளர். குடியாட்சி நடைபெறும் நாட்டில் இவ்விரண்டினும் நுண்ணியதோர் எல்லை உண்டு. அதுவே வாக்காளர் பட்டியல். தம்மை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யார்க்கு உண்டு, யார்க்கு இல்லை என்று வரம்பு கட்டுவது அத் தாளே. மலையெல்லையில் படை நிறுத்தத் தெரிந்த அரசு இத் தாளெல்லையைக் காக்கத் தவறின் என்ன நேரும் என்பதற்கு அசாம் மாநிலம் 1979-ஆம் ஆண்டு முதல் சான்றாக நிற்கின்றது.

பட்டியல் சரிபார்க்கும் பணி நம் நாட்டில் பள்ளியாசிரியர் தலையில் விழுவது வழக்கம். யானும் அப் பணிக்காகத் தெருத்தெருவாக நடந்தவன். ஒரு வீட்டில், இறந்து பல்லாண்டான முதியவர் பட்டியலில் உயிரோடிருந்தார். அவர் மருமகள் பெயரோ அதில் இல்லை. “ஐயா, செத்துப்போன எங்க மாமனாருக்கு ஓட்டு இருக்கு, உயிரோட இருக்கிற எனக்கு இல்லையா?” என்று அவ்வம்மையார் வினவினார். விடைகூற எனக்கு வாய் எழவில்லை. இருக்கக்கூடாத பெயர் இருப்பதும், இருக்கவேண்டிய பெயர் இல்லாமற் போவதும் ஒரே சோம்பலின் இரு பிள்ளைகள் என்பதை அன்று உணர்ந்தேன். அசாமின் கதை முழுவதும் இவ்வொரு வரியின் விரிவே.

1979-இல் மங்கல்தோய் நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பினர் மறைந்தமையால் இடைத்தேர்தல் வரவிருந்தது. பட்டியலைத் திருத்தப் புகுந்த அலுவலர்முன், ‘இவர் இந்நாட்டுக் குடிமகனல்லர்’ என்னும் முறையீடுகள் பல்லாயிரக் கணக்கில் குவிந்தன. அவற்றுள் பெரும்பகுதி ஏற்கவும்பட்டன. ஒரு தொகுதியின் நிலை இதுவாயின் மாநிலத்தின் நிலை யாது என்று அசாமிய மக்கள் திடுக்கிட்டனர். அவ்வாண்டு சூன் 8-ஆம் நாள் அனைத்து அசாம் மாணவர் ஒன்றியம் மாநிலந் தழுவிய முழுவடைப்பை நடத்தியது. அயல்நாட்டினரைக் கண்டறிக, பட்டியலினின்று நீக்குக, நாட்டினின்று வெளியேற்றுக என்பன அவர்தம் மூன்று கோரிக்கைகள். 1980 சனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அசாமின் 14 தொகுதிகளுள் 12-இல் வாக்குப்பதிவே நடைபெறவில்லை. அசாமின் எண்ணெயைப் பீகாரத்துப் பரௌனி ஆலைக்குக் கொண்டு செல்லும் குழாய்வழியும் அடைபட்டது. தில்லி அப்போதுதான் கண் விழித்தது.

இம் மக்களைப் பிறரை வெறுப்பவர் என்று பழித்தார் உளர். வரலாறு அறியார் கூற்று அது. 1836-இல் வெள்ளையராட்சி அசாமின் முறைமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்க மொழியைப் புகுத்தியது. அசாமியம் தனிமொழியன்று, வங்கத்தின் கொச்சை என்றனர். ஆனந்தராம் தேக்கியால் புக்கன் என்னும் அறிஞரும், நேத்தன் பிரௌன் முதலான அமெரிக்கக் கிறித்தவத் தொண்டரும் இடைவிடாது வாதிட்டபின், 1873-இல்தான் அசாமியம் தன் மண்ணில் மீண்டும் இடம் பெற்றது. முப்பத்தேழாண்டுக் காலம் தம் பிள்ளைகள் அயன்மொழியில் எழுத்தறிந்ததைக் கண்ட மக்கள் அவர்கள். அதன்பின் பிரமபுத்திராக் கரை நிலங்களில் உழவுக்கென வங்கத்தினின்று வந்தோர் பெருகினர். 1947-இன் பிரிவினையும் 1971-இன் போரும் மேலும் பலரை ஏதிலியராக்கி அனுப்பின. தம் மண்ணில் தாமே சிறுபான்மையராவோமோ என்னும் அச்சம் வெறுப்பன்று, தற்காப்பு. தாய்மொழி ஓம்பும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் நடுநிலை பிறழ்தல் ஆகாது. தமக்கு நேர்ந்ததை மறந்து அசாமியரும் பிறர்க்கு அதனையே செய்தனர். 1960-இல் அசாமியத்தை மாநிலம் முழுமைக்கும் ஆட்சிமொழியாக்கச் சட்டமியற்றினர். வங்க மொழியாளர் மிக்க பராக்குப் பள்ளத்தாக்கு எதிர்த்தெழுந்தது. 1961 மே 19-ஆம் நாள் சில்சர்த் தொடர்வண்டி நிலையத்தில் காவலர் சுட்டதில் 11 பேர் மாண்டனர். தாய்மொழிக்கு உயிரீந்தோர் யாராயினும் நமக்கு ஈகியரே. தன் மொழி காக்க எழும் உரிமை பிறர் மொழியை மிதிக்கும் உரிமையன்று என்பதைச் சில்சர் அறிவித்தது. பின்னரே அப் பள்ளத்தாக்கில் வங்கத்திற்கு இடந்தரப்பட்டது.

இனி 1983-க்கு வருவோம். கிளர்ச்சி கனன்றுகொண்டிருந்தபோதே நடுவணரசு சட்டமன்றத் தேர்தலை அறிவித்தது. எந்தப் பட்டியலைக்கொண்டு? 1979-ஆம் ஆண்டின் பழைய பட்டியலைக்கொண்டு! எதன்மேல் வழக்கு நடக்கின்றதோ அதனையே தீர்ப்பாக்கிய செயல் இது. மூன்றிலொரு பங்கினரே வாக்களித்தனர். பேராயக் கட்சி ஆட்சியமைத்தது. ஆனால் அத் தேர்தலின் விலை வேறு. பிப்பிரவரி 18-ஆம் நாள் நெல்லிப் பகுதிச் சிற்றூர்களில் வங்க வழி முசுலிம் மக்களைப் பெருங்கூட்டம் சூழ்ந்து வெட்டியது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஓடவியலாத பெண்டிரும் குழந்தைகளுமே மிகுதி. அக் கொலைக்காக இன்றுவரை ஒருவரும் ஒறுக்கப்படவில்லை.

பட்டியலைத் திருத்தாத அரசின் குற்றம் பெரிது. ஆயின், தாலாட்டில் கிடந்த குழவி எந்தப் பட்டியலில் இருந்தது? வேலியைக் காக்கப் புறப்பட்டோர் விளக்கைக் கொளுத்தலாம், வீட்டைக் கொளுத்தலாமா? உரிமைப் போர் என்னும் பெயரால் நெல்லியை மூடி மறைப்பவன் உரிமைக்கும் பகைவன், போருக்கும் பகைவன்.

கொலைக்குப் பின்னரும் தில்லி சொற்சிலம்பமே ஆடியது. அயல்நாட்டினரைக் கண்டறிய அசாமிற்கென்று அவ்வாண்டே தனிச்சட்டம் இயற்றினர். பிற மாநிலங்களில், ஐயத்திற்குரியவரே தம் குடியுரிமையை மெய்ப்பித்தல் வேண்டும். அசாமில் மட்டும் முறையிட்டவர் மெய்ப்பித்தல் வேண்டுமென அச் சட்டம் சுமையைத் தலைகீழாக்கியது. பயன் யாது? 2000-ஆம் ஆண்டு ஏப்பிரல் முடியத் தொடங்கப்பட்ட உசாவல்கள் 3,10,759. அயலார் எனத் தீர்ப்பானோர் 10,015. உண்மையில் வெளியேற்றப்பட்டோர் 1,481. இதே நாட்டின் மேற்கு வங்கத்தில், பழைய சட்டத்தின்படியே 1983 முதல் 1998 வரை வெளியேற்றப்பட்டோர் 4,89,046. செயற்படக் கூடாதென்றே செய்யப்பட்ட சட்டம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? உச்ச நயன்மன்றம் 2005 சூலை 12-இல் அதனை அடித்து வீழ்த்தியது. இருபத்திரண்டு ஆண்டுகள் வீணாயின.

இடையில் 1985 ஆகத்து 15-ஆம் நாள், தலைமையமைச்சர் இராசீவு காந்தி முன்னிலையில் அசாம் உடன்படிக்கை எழுதப்பெற்றது. 1971 மார்ச்சு 25-ஆம் நாளிலும் அதன்பின்னும் வந்தோர் வெளியேற்றப்படுவர் என்றும், அசாமிய மக்களின் பண்பாடும் மொழியும் சட்டக் காப்புப் பெறும் என்றும் எழுதினர். மாணவர் கட்சியாயினர். அவ்வாண்டு திசம்பரிலேயே தேர்தலில் வென்று, முப்பத்து மூன்று அகவையில் பிரபுல்ல குமார மகந்தா முதலமைச்சரானார். விடுதி அறையினின்று நேரே கோட்டைக்குச் சென்றவர்கள்! ஆயின் இருமுறை ஆண்டும் உடன்படிக்கையின் உயிர்ப்பகுதியை அவர்களால் நிறைவேற்ற இயலவில்லை. உட்பூசலும் பதவி நாட்டமும் அவ்வியக்கத்தைத் தின்றன. கிளர்ச்சியில் உயிரீந்தோர் 855 பேர் என்று அவர்களே கணக்கிட்டனர்; அக் கணக்கை நினைவிற் கொண்டிருந்தால் இந் நிலை நேர்ந்திராது.

உச்ச நயன்மன்றத்தின் மேற்பார்வையில் குடிமக்கள் பதிவேடு ஒருவாறு முடிந்து 2019 ஆகத்து 31-இல் வெளிவந்தது. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 3 கோடியே 30 இலக்கம், விடுபட்டோர் 19,06,657. தந்தை பெயரைத் தாளில் மெய்ப்பிக்கவியலாத, இளமையில் மணமுடித்துச் சென்ற, பள்ளி செல்லாத பெண்டிர் பலர் விடுபட்டனர். எங்கள் ஊர் மருமகளின் வினா அங்கே பேரொலியாய் எழுந்தது. நாற்பதாண்டு காலந் தாழ்த்திச் செய்யப்படும் கணக்கு எவர்க்கும் நயன் செய்யாது. சான்றுகள் செல்லரிக்கின்றன, சான்றோர் மறைகின்றனர், குற்றமற்ற பேரப்பிள்ளைகள் கூண்டில் நிற்கின்றனர்.

அம் மையின் ஈரம் உலருமுன், அவ்வாண்டு திசம்பரில் நடுவணரசு குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளினின்று 2014 முடிய வந்த முசுலிம் அல்லாதார்க்குக் குடியுரிமை வழிதிறந்தது. அசாமிற்கு 1971 என்று எழுதிக் கொடுத்த கை, மதத்தைப் பார்த்து 2014 என்று மாற்றி எழுதிற்று. குவகாத்தித் தெருக்கள் மீண்டும் குருதி கண்டன. உடன்படிக்கையிற் பிறந்த கட்சியோ மாநிலங்களவையில் அச் சட்டத்திற்கே வாக்களித்தது!

தமிழன் இவ் வழக்கைத் தொலைவில் நின்று காண்பவனல்லன். பட்டியலின் கூர்முனை நம் மெய்யிலும் பாய்ந்துள்ளது. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-இன் உடன்படிக்கை அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. 1983 முதல் தமிழகம் வந்த ஈழ ஏதிலியரைப் புதிய சட்டத்தின் எந்த வரியும் ஏற்கவில்லை. ஆகலின் அசாமியரின் அச்சமும் நமக்குத் தெரியும். விடுபட்டவரின் கண்ணீரும் நமக்குத் தெரியும். இரண்டையும் அறிந்தவன் கூறும் சொல்லுக்கு ஒரு தகுதி உண்டு.

அச் சொல் இதுவே. மண்ணின் மைந்தர்க்குத் தம் மண்ணில் முதலுரிமை உண்டு, அதனைக் காப்பது சட்டத்தின் கடன், கூட்டத்தின் கடனன்று. சட்டம் தன் கடனை உரிய காலத்திற் செய்யாதவிடத்துத்தான் கூட்டம் கத்தியெடுக்கின்றது. வாக்குக்காக அயலாரை ஏற்றியவனும், வாக்குக்காகக் குடிமக்களை நீக்குபவனும் ஒரே தொழில் செய்பவரே. எழுதிய சொல்லைக் காவாத அரசு எந்த எல்லையையும் காவாது.

தமிழ்நெஞ்சங்களே! தேர்தல் வருங்கால் கட்சிக் கொடியைத் தேடுமுன் உங்கள் தெருவின் பட்டியலைத் தேடுங்கள். வரிவரியாகப் படியுங்கள். இறந்தார் பெயரை நீக்கச் செய்க; இருப்பார் பெயரைச் சேர்க்கச் செய்க. மங்கல்தோயில் உரிய நாளில் இவ்வெளிய பணி நடந்திருப்பின் நெல்லியில் குருதி சிந்தியிராது. நாட்டுப்பற்று முழக்கத்தில் தொடங்குவதன்று, கணக்கில் தொடங்குவது.